கடல்ராணிக்கு எடுத்த அளவு

கொச்சியில் போர்வை விற்கக் கிளம்புகிறவனுக்கு நல்ல மனோதிடம் வேண்டும். மார்கழியில்கூட மின்விசிறி நின்றால் ஜனங்கள் விசிறிக்கொண்டே வாசலுக்கு வந்துவிடுகிற ஊர் இது. இங்கே நானும் என் அக்காவும் பத்துப் பன்னிரண்டு வருஷம் போர்வை விற்றோம். சரியாகச் சொல்வதென்றால் அக்கா தைத்தாள், நான் விற்றேன். இன்னும் சரியாகச் சொன்னால் அக்கா தைத்தாள், நான் பக்கத்தில் நின்று பேசினேன். பேச எனக்கு ஊசி நூல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

அப்பா முனிசிபாலிட்டி வேலைக்காக மட்டாஞ்சேரிக்கு வந்தவர். அவர் போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அக்கா, நான், என் மனைவி என்று மூன்று பேர். நான் பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலையில் இருந்தேன். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெருப் பெண்களுக்கு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். பிளவுஸ் வெட்டி மிஞ்சுகிற துண்டுத் துணிகளை ஒரு சணல் சாக்கில் போட்டு வைப்பாள். சாக்கு நிறைந்ததும் அதைத் தரையில் கொட்டிப் பக்கத்தில் உட்காருவாள். அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் இட்லியில்கூட நூல் இருக்கும்.

மற்றவர்கள் துண்டுத் துணியை ஒட்டித் தைத்தால் கட்டம் வரும், பூ வரும். அக்காவுக்கு உலகத்தில் இல்லாத பிராணிகள்தான் வரும். துடுப்பு முளைத்த யானை. மீன் முதுகில் நிற்கும் மூன்று மாடி அரண்மனை. வாயிலிருந்து ஜாதிபத்திரி நிறத்தில் நெருப்புக் கக்கும் பல்லி. அந்த நெருப்பின் சிவப்பு சரியாக வரவேண்டும் என்று என்னைக் கிடங்கிலிருந்து ஒரு பிடி ஜாதிபத்திரி கொண்டுவரச் சொல்லி, துணிக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். போர்வை போக, பைகளிலும் எம்பிராய்டரி போடுவாள். எர்ணாகுளம் போகிற படகைத் தலையில் சுமந்து செல்லும் திமிங்கிலம் உள்ள பையை வெள்ளைக்காரப் பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பயணிகளில் ஒருவர் படகிலிருந்து குடை பிடித்திருப்பார். அவ்வளவு நுணுக்கம்.

கண்காட்சிகளில் கடை போடும்போது நான்தான் நிற்பேன். யாராவது போர்வை முன்னால் நின்றால் போதும். இந்த யானை எங்கள் குலத்தைக் காத்த யானை, வெள்ளத்தில் நீந்தி வந்து குழந்தையைக் காப்பாற்றியது என்று ஆரம்பித்துவிடுவேன். ஒருநாள் அக்கா இதைக் கேட்டுவிட்டாள்.

"நீ பாட்டுக்குக் கத விடாதடா. அதுக்கு கதையெல்லாம் ஒண்ணும் இல்ல. அது சும்மா நிக்குது."

"கத இல்லாட்டி யாரு வாங்குவா அக்கா?"

"வாங்கலேன்னா நான் போத்திக்கறேன்."

எங்கள் பக்கத்தில் புதுவருஷத்தன்று பிற்பகல் கோட்டைக் கொச்சியில் பெரிய ஊர்வலம் நடக்கும். யானை, மேளம், தெருத்தெருவாக வேஷக்காரர்கள். பிரச்சன்ன வேஷம் என்பார்கள். ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டமாக வரும். எங்கள் தெருக் கூட்டத்துக்கு, வாய் பெரியது என்பதால், நான்தான் தலைவன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், நவம்பர் மாதம், அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"டேய், அந்த ஊர்வலத்துல பெண்ணுங்க நடப்பாங்களா?"

நான் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"எங்க நடக்கறது. கல்யாணப் பெண் வேஷம்கூட மீசைய எடுத்துட்டு ஆம்பளைங்கதான் கட்டுறாங்க. கமிட்டிக்காரங்க சம்மதிக்க மாட்டாங்க."

"கேட்டியா?"

"கேட்டேன்."

நான் யாரையும் கேட்கவில்லை. அந்தப் பொய் வாயில் எப்படி வந்தது என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது இரண்டாவது பொய். தெரியும். கிடங்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாம் அந்த ஊர்வலத்துக்கு வருவார்கள். நாற்பது தாண்டிய என் அக்கா ஜிகினா ஒட்டிக்கொண்டு நடுரோட்டில் நடந்தாள் என்று மறுநாள் சுமைக்காரர்கள் பேசுவார்கள். அதை நினைத்து எனக்குக் கூச்சம். வருஷா வருஷம் கரடி வேஷம் கட்டி ரோட்டில் குட்டிக்கரணம் அடிக்கிறவனுக்குக் கூச்சம்.

அக்கா "செரி" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் தைக்க ஆரம்பித்தாள். கடல்ராணி. இடுப்புக்கு மேலே பெண், கீழே மீன். மீன் வேஷத்தில் ஒரு கஷ்டம், நடக்க முடியாது. அக்கா அதற்கு வாலைப் பாவாடை மாதிரி வெட்டி, முன்பக்கம் மடிப்புக்குள்ளே திறப்பு வைத்து, பின்னால் இழுபடுகிற துடுப்பை மட்டும் பிரம்பு வளையத்தில் கட்டினாள். பழைய பட்டுப்புடவைகளின் ஜரிகைக் கரைகளைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கினாள். ஒவ்வொன்றையும் பிறைபிறையாக வெட்டி, ஓரம் மடித்து, கீழேயிருந்து மேலே ஒரு வரிசைமேல் ஒரு வரிசையாக, ஓடு வேய்கிற மாதிரி தைத்துக்கொண்டே போனாள். நடந்தால் செதில் ஒன்றோடொன்று உரசி மெதுவாகச் சத்தம் வரும். கடைசியில் அதைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி நடந்து காட்டியபோது நாங்கள் மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். என்னைப் பேசாமல் இருக்க வைத்த துணி அது ஒன்றுதான்.

"யாருக்கு அக்கா இது?" என்று கேட்டேன்.

"யாருக்கு இஷ்டமோ அவங்க போடட்டும்."

அன்று சாயங்காலம் அடுக்களையில் என் மனைவி என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"மேல் சட்டைக்கு அளவு பிளவுஸ் எது வெச்சு வெட்டினாங்கன்னு பாத்தீங்களா?"

அக்கா டேப் பிடித்து அளவு எழுதுகிறவள் இல்லை. யாருக்குத் தைத்தாலும் அவர்களுடைய சரியான ஒரு பிளவுஸை வாங்கித் துணிமேல் விரித்து அதைப் பார்த்துத்தான் வெட்டுவாள்.

"பாக்கலையே."

"அந்தப் பச்ச பிளவுஸ். உங்க அக்காவோடது."

"கைக்குக் கிடைச்சத வெச்சிருப்பா."

"ஊரான் வீட்டு அளவு பிளவுஸ் நாப்பது தொங்குது. தன்னோடதத் தேடி எடுத்து வெச்சிருக்காங்க. நீங்க மூட்ட எண்ணுற ஆள்தானே, இத எண்ணத் தெரியலையா?"

தெரிந்தது. ஆனால் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். அப்போதும் எட்டு நாள் பாக்கி இருந்தது. ஒரு வார்த்தை, "அக்கா, நீயே போட்டுக்கயேன்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக, எங்கள் கூட்டத்துக்கு இந்த வருஷம் கடல்ராணி நான்தான் என்று தெருவில் சொல்லிவிட்டேன்.

ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்னால் போட்டுப் பார்த்தேன். தோளில் ஏறியது. மார்பில் நின்றது. வயிற்றில் கொக்கிக்கும் கண்ணிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. அக்கா என்னைச் சுற்றி ஒரு முறை வந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கடல்ராணிக்குத் தொப்பை இருக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? அங்க நல்ல மீன் கிடைக்குமில்ல."

அக்கா சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள், அதுதான் எனக்கு மறக்கவில்லை. பிறகு, "கழட்டு" என்று வாங்கி, சின்னக் கத்தரியை எடுத்து இரண்டு பக்கத் தையலையும் அக்குளிலிருந்து இடுப்புவரை பிரித்தாள். மிச்சமிருந்த நீலத் துணியில் கையகல ஒட்டு வைத்து எனக்குத் தகுந்த மாதிரி தைத்துக் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பிரித்த நூல்களைப் பொறுக்கினேன். உதவி செய்கிறேனாம்.

ஊர்வலத்தன்று எனக்கு நல்ல வரவேற்பு. மீசையை எடுக்கவில்லை, எடுத்தால் சிரிப்பு வராது என்று. தொப்பையை முன்னால் தள்ளி, இடுப்பை ஆட்டி, பத்தடிக்கு ஒரு முறை கூட்டத்துக்கு முத்தம் கொடுத்துக்கொண்டு போனேன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சேட்டா, பிரசவம் எப்போ?" என்று ஒருவன் கேட்டான். "ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டிருக்கேன்" என்றேன். அதற்கு இன்னும் சிரிப்பு.

ரோட்டோரத்தில் அக்காவும் என் மனைவியும் நின்றிருந்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. என் முகத்தையே அவள் பார்க்கவில்லை. கையால் ஏதோ ஜாடை காட்டினாள். எனக்குப் புரியவில்லை, அவளுக்கும் ஒரு முத்தம் அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வால் சாக்கடைத் தண்ணீரில் புரளுகிறது, தூக்கிப் பிடி என்று காட்டியிருக்கிறாள்.

நகைச்சுவை வேஷத்தில் மூன்றாவது பரிசு. ஒரு ஹாட்பாக்ஸ். மறுநாள் மலையாளப் பத்திரிகையில் என் படம், கீழே ஊரைச் சிரிக்க வைத்தவர் என்கிற மாதிரி ஒரு வரி. கிடங்கில் சாயா வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் அவள் உட்கார்ந்து தைத்தது சிரிப்பதற்கான துணியே இல்லை என்பது அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் செதில்கள் அவ்வளவு அழகாக விழுந்திருந்தன. அவற்றுக்கு மேலே நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அக்கா வேஷம் தைக்கவில்லை. கேட்டால் "கண்ணு வலிக்குது" என்பாள். போர்வையும் பையும் மட்டும். அந்த வருஷக் கண்காட்சிக்கு ஜரிகைச் செதில் வைத்த பைகள் தைத்துக் கொடுத்தாள். வைத்த உடனே போய்விட்டன. மூன்றாவது பையை ஒரு அம்மாவிடம் எடுத்துக் கொடுக்கும்போது ஒரு செதிலின் ஓரத்தில் கறுப்பாகச் சாக்கடைக் கறை. வீட்டுக்குப் போய், வேஷத்தை மடித்து வைத்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடல்ராணி இல்லை. அதைத்தான் நான் விற்றுக்கொண்டிருந்தேன்.

இப்படியே ஆறு ஏழு வருஷம் ஓடியது. இதற்கிடையே அக்காவுக்கு முட்டிவலி வந்தது. தையல் மிஷினை மிதித்து மிதித்து வந்தது என்றார் டாக்டர். மிதிப்பதை நிறுத்தி மோட்டார் வைத்தோம். வலி நிற்கவில்லை.

ஒரு முறை எர்ணாகுளத்தில் கண்காட்சி. ஒரு பெரிய போர்வை, இரட்டைக் கட்டில் அளவு, அதைத் தொங்கவிட இன்னொரு ஆள் வேண்டும் என்று அக்காவையும் கூட்டிப் போயிருந்தேன். வழக்கமாக அவள் வரமாட்டாள், நான் கதை விடுவதைக் கேட்கச் சகிக்காது. அன்று கடைக்கு ஒரு பள்ளிக்கூட ஓவிய டீச்சர் வந்தாள். போர்வையைப் புரட்டிப் பின்பக்கத் தையலைப் பார்த்தாள். தையல் தெரிந்தவள்தான் அப்படிப் பார்ப்பாள். நான் யானைக் கதையை ஆரம்பிப்பதற்குள் நேராக அக்காவிடம் போய்விட்டாள்.

"சேச்சி, இதையெல்லாம் சுவத்துல தொங்க விடக் கூடாது, உடுத்து நடக்கணும்" என்று பாதி மலையாளத்தில், பாதி தமிழில் சொன்னாள். "புதுவருஷ ஊர்வலத்துக்கு வரலாமே. நானும் என் தங்கச்சியும் படிக்கற காலத்துலேயே நடந்திருக்கோம். நாலஞ்சு பெண்ணுங்க சேர்ந்து போவோம். பேரு கொடுத்தா போதும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் படித்த காலம் என்றால், நான் பொய் சொன்னதற்கும் முன்னால். எனக்கு விரித்த போர்வைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாம் போல இருந்தது. அக்கா "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

திரும்பி வரும்போது படகில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மடியில் போர்வை மூட்டை. மட்டாஞ்சேரி ஜெட்டி கண்ணுக்குத் தெரிகிறவரை நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"அக்கா, அன்னிக்கு நான் கமிட்டில கேக்கவே இல்ல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ சொன்ன மறுநாள் நானே போய்க் கேட்டேன். அந்த ஆபீஸ்ல ஒரு வயசானவர் உக்காந்திருந்தார். 'தாராளமா வாங்க மோளே'ன்னார். அப்புறந்தானே துணி வெட்டினேன்."

படகு அலையில் ஒரு முறை தூக்கிப் போட்டது. நான் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல? நான் போடப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நீ கேப்பேன்னு பாத்தேன்."

"கேக்கலேன்னா சண்ட போட வேண்டியதுதானே?"

"சண்ட போட்டு எதுக்குடா ராணியாகணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெண்டைக்காய் முற்றல் என்று சொல்கிற குரல்.

ஜெட்டியில் இறங்கும்போது கை கொடுத்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். "இந்த வருஷம் நீ நட அக்கா" என்றேன். "நான் போய்ப் பேரு கொடுக்கறேன்."

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டா?"

"மெதுவா நடக்கலாம்."

"யோசிக்கறேன்" என்றாள். மறுநாள் காலையில் சாம்பல் நிறத் துணி எடுக்க எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போகவேண்டும் என்றாள்.

அந்த வருஷம் அவள் தைத்தது மழைமேகம். உள்ளே பஞ்சு வைத்த பெரிய சாம்பல் அங்கி, போர்வை தைக்கிற மாதிரியே சுருள் சுருளாகத் தையல் ஓட்டியது. கைகளை மடக்கினால் சும்மா ஒரு கனத்த மேகம். விரித்தால் அக்குளிலிருந்து முழங்கைவரை நூற்றுக்கணக்கான வெள்ளி நூல் மழையாக இறங்கும். உள் மடிப்பில் ஒரே ஒரு மின்னல், மஞ்சளில். இந்த முறை அளவு பிளவுஸை மேஜைமேல் எல்லோரும் பார்க்க விரித்து வைத்தே வெட்டினாள். நான் கமிட்டி ஆபீஸுக்குப் போய் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நிமிஷ வேலை. ஏழு வருஷமாக நான் செய்யாத வேலை.

ஊர்வலத்தன்று வெயில் நன்றாகக் காய்ந்தது. பஞ்சு வைத்த அங்கிக்குள் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே எனக்கு வியர்த்தது. நான் வேஷம் கட்டவில்லை. தண்ணீர் பாட்டிலும் அவளுடைய செருப்பும் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்தேன். மேகம் செருப்புப் போடாது என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவள் கையை விரித்தபோதெல்லாம் ரோட்டோரம் கொஞ்சம் அடங்கியது. சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து நூலுக்குக் கீழே நின்று போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. கிடங்கு ஆட்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்து, "உன் சேச்சியா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றேன். "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்குக் கடலை தின்றார்கள். இந்த இரண்டு பேருக்குப் பயந்துதான் அத்தனையும்.

பாதிக்கும் குறைவான தூரம்தான் போயிருப்போம். அக்காவின் நடை கோணியது. இன்னும் பத்தடி. அப்புறம் ஒரு மூடிய கடையின் படியைப் பார்த்து மெதுவாக ஒதுங்கி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தெருக் கூட்டம் மேளத்தோடு தாண்டிப் போனது. நான் பக்கத்தில் குந்தி அவள் முட்டியைப் பிடித்துவிடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"ஆட்டோ கூப்பிடட்டுமா அக்கா?"

"வேண்டாம். பாத்துட்டுப் போலாம்."

"அன்னிக்கே நீ..."

"அன்னிக்குன்னா முழுசும் நடந்திருப்பேன்" என்றாள், ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டே. "போய் ஒரு சாயா வாங்கிட்டு வா. சக்கர கம்மியா."

நான் மன்னிப்புக் கேட்பதற்கு வாக்கியம் கட்டிக்கொண்டே கடைக்குப் போனேன். வழக்கமாக எனக்கு வாக்கியத்துக்குப் பஞ்சமில்லை. அன்று ஒன்றும் உருப்படியாக வரவில்லை. எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு தமாஷ் ஒட்டிக்கொண்டு வந்தது.

சாயாவோடு திரும்பி வந்தால் படியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள். ஒரு ஆள் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தான். அக்கா உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் முழுசாக விரித்திருந்தாள். வெள்ளி நூல் படிக்கட்டெல்லாம் இறங்கிக் கிடந்தது. வலி முகத்தில் தெரிந்தது. அதோடுகூட, நான் ஒரு நாளும் பார்க்காத ஒரு நிமிர்வும் இருந்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிளாஸை நீட்டினேன்.

"அங்க தள்ளி நில்லுடா" என்றாள், கையை இறக்காமல். "உன் நிழல் மேல விழுது."

நான் நகர்ந்து நின்றேன்.